மெடல் அண்ணாச்சியும் எதிரி கொடுத்த பாட்டும்

யுத்தத்துக்குப் போனவர்களில் குண்டு போட்டவர்கள் உண்டு, குண்டு பட்டவர்கள் உண்டு. எதிரியைப் பாட்டுப் பாடியே தோற்கடித்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் இருக்கிறார். இதை அவரே எங்களிடம் சொன்னார். இல்லையென்று மறுத்துச் சொல்ல எதிரி யாரும் இந்தப் பக்கம் வராததால் நாங்களும் நம்பிவிட்டோம்.

அவர் பெயர் மெடல் அண்ணாச்சி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

நான் பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறி வந்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில் அவர் அங்கே காவலாளி. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். வாசலில் ஒரு ஸ்டூல், கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி, முகத்தில் பாதியை எடுத்துக்கொண்ட மீசை. பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். மெதுவாகப் பக்கத்தில் போனபோது அந்த மீசைக்குள்ளிருந்து கும்மி மெட்டில் ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது.

நெஞ்சு நெறைய மெடலு குத்தி
நிமிந்து வந்தான் ஜெனரலு – ஒரு
பஞ்சு மூட்டை விழுந்த சத்தத்துல
பாய்ஞ்சு ஒளிஞ்சான் பங்கருல!

"என்ன பாட்டுண்ணே இது?" என்று கேட்டேன்.

"யுத்தப் பாட்டு."

"யுத்தப் பாட்டுன்னா வீரமா இருக்கும்லா?"

"வீரமா பாடுறதுக்கு ரேடியோல ஆள் இருந்துச்சு தம்பி. நாங்க பாடுனது இதத்தான்."

எழுபத்தொன்றில் வங்காளப் பக்கம் நடந்த யுத்தத்தில் அவர் பட்டாளத்துச் சமையல்காரர். இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கும்போது தெற்கத்திப் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து கட்டிய பாட்டுகள் இவை. எல்லாமே எதிரி ஜெனரல்களின் மெடல்களைப் பற்றியவை. எதிரியிடம் பீரங்கி இருந்தது, டாங்கி இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு மெடலை ஏன் பிடித்துக்கொண்டீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பீரங்கிய நெனைச்சா வயித்தக் கலக்கும்வே. மெடல நெனைச்சாத்தான் சிரிப்பு வரும். அதனால ராவும் பகலும் மெடலையே நெனைச்சோம்."

அவருடைய இரண்டாவது பாட்டு முதல் பாட்டை விடப் பிரசித்தம்.

ஓடுன ஓட்டத்துக் கொரு மெடலு – அவன்
ஒளிஞ்ச குழிக்கொரு மெடலு
ஆடுன தொடைக்கு ரெண்டு மெடலு – அட
அழுத கண்ணுக்குத் தங்க மெடலு!

இந்தப் பாட்டால் அதிகம் பாதிக்கப்பட்டவர் எதிரி ஜெனரல் அல்ல. எங்கள் வங்கிக்கு எதிரே கடை வைத்திருந்த பாய். பள்ளிக்கூட விளையாட்டு விழாக்களுக்கு ஷீல்டு, கப்பு, மெடல் விற்கிற கடை அது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியில் யார் ஓடி ஜெயித்தாலும் கழுத்தில் தொங்குவது பாய் கடைத் தகடுதான். டிசம்பர், ஜனவரியில் பி.டி. வாத்தியார்கள் கூட்டமாக வருவார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி எதிர்வாசலில் நின்று "ஓடுன ஓட்டத்துக் கொரு மெடலு" என்று எடுப்பார். வாத்தியார்கள் விலை கேட்பதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள்.

பாய் கல்லாவை விட்டு எழுந்து ரோட்டுக்கே வந்துவிடுவார்.

"வே, உமக்குக் கூறு இருக்கா? ஓடுன ஓட்டத்துக்குத்தாம்வே மெடலு குடுப்பாக! இது ஸ்போர்ட்ஸு!"

"நான் ஜெனரலச் சொன்னேன் பாய்."

"ஜெனரலு எங்கடைக்கு வரலவே. கயத்தாறு பி.டி. சார்தான் வந்திருக்காக!"

இப்படிச் சண்டை போடுவார்கள். பதினொரு மணிக்கு ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பார்கள்.

எங்கள் மேனேஜர் ஒருவருக்கு மேலிடத்திலிருந்து ஒரு ஷீல்டு வந்தது. கடன் கொடுப்பதில் சிறந்த கிளை என்று. கொடுத்த கடன் திரும்பி வந்ததா என்று ஷீல்டு கொடுத்தவர்கள் கேட்கவில்லை. மேனேஜர் அதற்கொரு கண்ணாடிப் பெட்டி செய்து, உள்ளே சின்ன பல்பு போட்டு, வருகிறவர்களை எல்லாம் அந்தப் பக்கமாகவே நடக்கவிட்டார். பெரிய அதிகாரி பார்வையிட வந்த அன்று வாசலிலிருந்து புதுப்பாட்டு கிளம்பியது.

கடன வாங்குனவன் கப்பல் ஏறுனான்
கப்ப வாங்குனாரு மேனேஜரு!

அதிகாரி போனதும் மேனேஜர் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். "நீங்க காவல் காக்க வந்தீங்களா, கச்சேரி பண்ண வந்தீங்களா?"

"காவல் கைதான சார் காக்குது? வாய் சும்மாத்தான இருக்கு?"

அண்ணாச்சி மற்றவர்களை மட்டும் கேலி செய்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒருநாள் வங்கி வாசலில் நின்ற லாரியின் டயர் வெடித்தது. பெரிய சத்தம். நாங்கள் எல்லாம் திகைத்து நின்றபோது கிளையிலேயே முதல் ஆளாக மேஜைக்கு அடியில் போனது அண்ணாச்சிதான். துப்பாக்கி வெளியே கிடந்தது. டயர்தான் என்று தெரிந்ததும் தவழ்ந்து வெளியே வந்து, தொப்பியைத் தட்டி வைத்துக்கொண்டு, "பஞ்சு மூட்டை விழுந்த சத்தத்துல" பாட்டில் ஜெனரலை எடுத்துவிட்டு வாட்ச்மேனைப் போட்டு அவரே பாடினார். பணம் கட்ட வந்தவர்கள் வரிசையை மறந்து சிரித்தார்கள்.

வருடங்கள் போயின. அவர் ஓய்வு பெற்றார், பிறகு நானும் பெற்றேன். பாய் மட்டும் ஓய்வு பெறவில்லை. கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை போட்டார். மெடல் அண்ணாச்சியின் மீசை வெளுத்தது. குரல் அப்படியே இருந்தது.

சென்ற குடியரசு தினத்தன்றுதான் வம்பு வந்தது.

புதூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் கொடியேற்ற அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். போனார், ஏற்றினார், மிட்டாய் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேச்சு அவருக்கு வராது. இரண்டு பாட்டையும் பாடிவிட்டார். பிள்ளைகள் குதித்தார்கள், "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்தினார்கள். அந்த உற்சாகத்தில் அவர், "இது நம்ம ஆபீசர்மாரப் பத்தின பாட்டு" என்று சொல்லி மூன்றாவதாக ஒன்றை எடுத்துவிட்டார். இத்தனை வருடம் பழகிய நாங்களே கேட்டிராத பாட்டு அது.

சோத்துப் பானை காத்தவனுக்குச்
சொக்கத் தங்க மெடலாம் – பூட்ஸச்
சேத்துல விட்டுட்டு வந்த கர்னலுக்குச்
சேந்தாப்புல மூணு மெடலாம்!

யாரோ செல்போனில் எடுத்தார்கள். முதல் இரண்டு பாட்டும் அதில் இல்லை. "நம்ம ஆபீசர்மார" என்பதில் ஆரம்பித்து "மூணு மெடலாம்" என்பதில் முடிந்தது. மேலே ஒரு வரி எழுதிவிட்டார்கள்: நம் ராணுவத்தை அவமதிக்கும் முன்னாள் ராணுவத்தான்.

அது கயத்தாறில் இருக்கும் பாயின் மச்சான் போனுக்கு வந்து, அங்கிருந்து பாய்க்கு வந்து, பாய் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். "வே, இந்த மனுசன் என்னவே பண்ணி வச்சிருக்காரு? ஊரு பூராம் சுத்துது!"

இரண்டு பேரும் அண்ணாச்சி வீட்டுக்குப் போனோம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "பிள்ளைக சிரிச்சிச்சுல்லா? பொறகென்ன?" என்றார்.

பிறகென்ன என்பது மறுநாள் டீக்கடையில் தெரிந்தது. வழக்கமாக அவர் நுழைந்ததும் யாராவது ஒரு வரி எடுத்துக் கொடுப்பார்கள். அன்று எல்லோரும் பேப்பர் படித்தார்கள். ஒரு இளவட்டம் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கி, "தாத்தா, நீங்க எந்த நாட்டுக்குச் சமைச்சுப் போட்டீங்க?" என்று கேட்டான்.

அண்ணாச்சி பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். அவர் டீயை மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அதிலிருந்து அவர் பாட்டு நின்றுபோனது. அவருடைய மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். மதினி எனக்குப் போன் செய்தார். "தம்பி, இவிய பல்லு வெளக்கும்போதுகூடப் பாட மாட்டேங்காவ. எனக்குப் பயமா இருக்கு. போலீசு வருமா? பட்டாளத்துக் கேன்டீன் கார்டப் புடுங்கிருவாவளா?"

போலீஸ் வரவில்லை. எங்கள் வட்டாரத்து முன்னாள் ராணுவத்தினர் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து விளக்கம் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் விசாரிக்க வருகிறார்.

"கர்னலா?" என்று பாய் என்னைப் பார்த்தார். பாட்டிலும் கர்னல்தான்.

ஆட்டோவில் போகும்போது பாய் வழியெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டே வந்தார்.

"எது கேட்டாலும் ஞாபகம் இல்லன்னு சொல்லும்வே. வயசாயிட்டுன்னு விட்டுருவாக."

"பாட்டு பூரா ஞாபகம் இருக்கே பாய்."

"சரி, பாடச் சொன்னா கர்னல மாத்தி மேஜருன்னு பாடும்."

"மேஜருன்னு போட்டா மெட்டு இடிக்கும்."

பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். நான் சிரித்திருப்பேன். ஆனால் அண்ணாச்சி கோட்டுப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். அன்று அவர் பட்டாளத்துக் கோட்டைப் போட்டிருந்தார். அதில் ஒரு மெடலும் இல்லை. யுத்தத்துக்குப் போகிற எல்லோருக்கும் கொடுக்கிற மெடல்கள் அவரிடமும் உண்டு. அவற்றை வெளியே எடுக்க அவருக்கு மனம் வரவில்லை போல.

சங்கத்தின் அறையில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். கர்னல் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், அண்ணாச்சி வயதுதான் இருக்கும். நெஞ்சில் இரண்டு வரிசை மெடல். பாய் அதைத் தொழில்முறையில் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் காதில், "எல்லாம் ஒரிஜினலு" என்றார்.

சங்கச் செயலாளர் செல்போனை மேஜையில் வைத்து வீடியோவைப் போட்டார். அந்த அமைதியான அறையில் பிள்ளைகளின் சிரிப்பும் பாட்டும் கேட்டபோது எனக்கே உடம்பு கூசியது.

"சொல்லும். இது நம்ம படையக் கேலி பண்ணுதா இல்லையா?" என்றார் செயலாளர்.

அண்ணாச்சி அட்டென்ஷனில் நின்றார். "பண்ணுதுங்கய்யா."

பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"யார் கட்டுன பாட்டு? நீரா?"

"இல்லங்கய்யா. எதிரி."

அறையில் சலசலப்பு. ஒருவர் எழுந்தே விட்டார். கர்னல் கையைக் காட்டி எல்லோரையும் உட்கார வைத்தார். "முழுசாச் சொல்லுங்க" என்றார்.

அண்ணாச்சி கர்னலைப் பார்த்து மட்டும் பேசினார்.

"சாப், யுத்தம் முடிஞ்சதும் என்னைய ஒரு கைதி முகாமுக்குச் சமைக்க அனுப்புனாங்க. நான் அடுப்படில நம்ம பாட்டப் பாடிக்கிட்டே கிண்டுவேன். கைதிகள்ல ஒருத்தன் முடிவெட்டுறவன். அவுக ஆளுகளுக்குச் சவரம் பண்ணிட்டுத் திரிவான். அவன் வந்து, என்ன பாட்டுன்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்ச இந்தில சொன்னேன். உங்க ஜெனரலு பஞ்சு மூட்டைக்குப் பயந்து ஓடுனான்னு சொன்னேன் சாப். அடிக்கப் போறான்னு நெனைச்சேன். அவன் தரையில உக்காந்து சிரிக்கான். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிக்கான். 'அந்த ஆளுக்கு நாந்தான் சவரம் பண்ணுவேன், நீ சொன்னது கம்மி'ங்கான்."

யாரோ லேசாகச் செருமினார்கள். சிரிப்பை அடக்கியது போல இருந்தது.

"பொறகு அவன் சொன்னான், எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு, ஒங்க ஆளுகளப் பத்தி. பாடட்டான்னான். பாடுன்னேன். பாடுனான். சோத்துப் பானை காத்தவன்னு வரும்போது என்னையே பாக்கான் சாப். எனக்கு முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் சிரிப்பு வந்துட்டு. அதத்தான் நான் தமிழ்ல மாத்தி வச்சிருக்கேன்."

"எதுக்கு மாத்தி வச்சீங்க?" என்று கேட்டார் கர்னல்.

"அவுகள ஊருக்கு அனுப்புற அன்னைக்கு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம் சாப். எம்பாட்ட நீ எடுத்துட்டுப் போ, ஓம்பாட்ட நான் வச்சிக்கிடுதேன்னு. எங்க பாட்ட அவன் அவங்க பாசையில மாத்திக்கிட்டான். அவன் உசுரோட இருந்தா அங்கன இன்னும் அவங்க ஜெனரலக் கேலி பண்ணிக்கிட்டுத்தான் இருப்பான். நாந்தான் இங்கன பாடாமலே வச்சிருந்தேன். வயசாயிட்டு. ஒரு தடவையாவது பாடலன்னா அவன ஏமாத்துன மாதிரி இருக்கும்லா சாப்? பிள்ளைக கேட்டுச்சு, பாடிட்டேன்."

கர்னல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அத இன்னொரு தடவ பாடுங்க" என்றார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பாய் உதட்டை மட்டும் அசைத்து "மேஜரு, மேஜரு" என்றார். அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, மெட்டு இடிக்காமல், கர்னல் என்றே பாடினார். சேற்றில் பூட்ஸ் போன இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கியது. மூன்று மெடலில் முடித்துவிட்டு மறுபடி விறைப்பாக நின்றார்.

கர்னல் நாற்காலியைப் பின்னால் தள்ளி, மேஜைக்கு அடியில் இருந்த தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"அந்தச் சேறு எனக்குத் தெரியும்" என்றார். "அப்ப நான் கர்னல் இல்ல, சின்ன லெப்டினன்ட். கால உருவுனா பூட்ஸு உள்ளயே நின்னுட்டு. ரெண்டும் போச்சு. வெறுங்கால்லதான் ஆத்தக் கடந்தேன். இத்தன வருசமா என் வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்ல."

கர்னல் நிமிர்ந்து தன் நெஞ்சில் ஒரு மெடலைத் தொட்டார்.

"ஆனா மூணு மெடல்ங்கிறது சுத்தப் பொய். அதுக்கு ஒண்ணுதான் குடுத்தாங்க."

அண்ணாச்சி அட்டென்ஷன் கலையாமல் சொன்னார்: "மெட்டுக்காக ரெண்டு கூடச் சேத்திருப்பான் சாப்."

கர்னல் சிரித்தார் பாருங்கள், அந்த ஒல்லி உடம்பிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். மெடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. செயலாளர் முதலில் கர்னல் முகத்தைப் பார்த்தார், பிறகு தானும் சிரிக்கலாம் என்று முடிவு செய்தார். அதற்குள் பின்வரிசையில் ஒரு பழைய ஹவில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க கம்பெனிலயும் ஒண்ணு பாடுவோம், ஆனா அது பொம்பளைக இருக்கிற எடத்துல பாடக் கூடாது" என்றார். பாய் அப்படியே நாற்காலியில் சரிந்து, "யா அல்லா" என்று ஒரு பெருமூச்சு விட்டார். கோவில்பட்டியில் அன்று விடப்பட்ட பெருமூச்சுகளில் அதுதான் பெரியது. இரண்டாவது என்னுடையது.

கர்னல் செயலாளரிடம், "போனை எடுங்க. இந்தத் தடவை மொத்தமும் வரணும்" என்றார். அண்ணாச்சி மூன்று பாட்டையும், கைதியின் கதையையும், முதலிலிருந்து சொல்ல, செயலாளரே படம் பிடித்துச் சங்கத்தின் பெயரில் அனுப்பினார். அது பழையதைப் போல ஊர் சுற்றவில்லை. சண்டை இல்லாத வீடியோவை எத்தனை பேர் பார்ப்பார்கள்? பார்க்க வேண்டிய நாலு பேர் பார்த்தார்கள். டீக்கடை இளவட்டம் மறுநாள் அண்ணாச்சிக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், கூட ஒரு வடையும் வாங்கிக் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு திரும்பியபோது மதினி வாசல்படியில் நின்றிருந்தார். ஆட்டோ நிற்கும் முன்பே, "என்ன சொன்னாவ?" என்று கேட்டார்.

"பாடச் சொன்னாவ" என்றார் அண்ணாச்சி.

மதினிக்கு அப்படியே உட்கார வேண்டியதாயிற்று. பயத்தில் காலையிலிருந்து அடுப்பே பற்றவைக்கவில்லை. "நீ இரி" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. அப்புறம், மெல்ல, பாட்டு வந்தது. மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சனியன், தொடங்கிட்டாவ" என்றார்.

ரவை உப்புமா. பட்டாளத்துக்கே சமைத்துப் பழகிய கை; நாலு பேருக்குக் கிண்டினாலும் ஒரு கம்பெனிக்கு உண்டான உப்பு விழுந்துவிடும். பாய் ஒரு வாய் வைத்துவிட்டு ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார். அண்ணாச்சி கரண்டியோடு எங்கள் முன்னால் நின்று, வியர்த்த முகத்தோடு, "எப்படி இருக்குவே?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கண்ணே" என்று தட்டை நீட்டினேன். எனக்குப் பசியே இல்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றால் நன்றாக இருக்கும் போலிருந்தது.